நாவும் நடுவுநிலையும்

“எனக்குப் பிடித்திருக்கிறது, ஆகவே அது சிறந்தது” என்பான் ஒருவன். “பெரியோர் சிறந்ததென்று கூறினர், ஆகவே எனக்கும் பிடித்திருக்கிறது” என்பான் மற்றொருவன். முன்னவன் தன் நாவையே நீதிமன்றமாக்கிவிட்டான்; பின்னவன் தன் நாவையே அடகு வைத்துவிட்டான். முன்னது ஆணவம், பின்னது அடிமைத்தனம். ஆணவமும் இன்றி, அடிமைத்தனமும் இன்றி அளிக்கப்படும் தீர்ப்பு என்று ஒன்று உண்டா? உண்டெனில் அதை அடையும் வழி யாது?

இக்கேள்விக்கு விடை தேடுவோர் காவியத்திடம் செல்வர், சிற்பத்திடம் செல்வர், இசையிடம் செல்வர். நான் உங்களை ஒரு கோப்பை பீரிடம் அழைத்துச் செல்கிறேன். முகம் சுளிக்க வேண்டா, தோழர்களே! தவளையை அறுத்து ஆராயும் ஆசிரியர் தவளைக் கறி தின்னச் சொல்வதில்லை. மதுவைப் பற்றிப் பேசுவது மதுவுக்காகப் பேசுவது ஆகாது. பருகுவது நன்றா தீதா என்ற கேள்வியை நான் மறைக்கப்போவதும் இல்லை. உரிய இடத்தில் அதை எழுப்பி, விடையும் கூறுவேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் ‘இந்தியா பேல் ஏல்’ என்னும் பீர்; சுருக்கமாக ஐ.பி.ஏ. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறு ஆலைகள் தயாரிக்கும் ‘கிராஃப்ட்’ பீர்களில் பெரும்புகழ் பெற்றது இது. கசப்பே இதன் கொடி. மணமே இதன் முரசு. பெயரில் இந்தியா இருப்பதால் இதைத் தேர்ந்தேன் அல்லேன். ஒரு பொருளைச் சுற்றிப் புராணம் எப்படிப் பிறக்கிறது, விதி எப்படி எழுகிறது, நாக்கு எப்படி ஏமாறுகிறது, ஏமாறும் அந்த நாக்கைக் கொண்டே உண்மையை எப்படி எட்டிப் பிடிப்பது - இவை நான்கையும் ஒரே கோப்பையில் காணலாம் என்பதால் தேர்ந்தேன்.

கசப்பு வரும் வழி

பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்புச் சாறு. அச்சாற்றை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட்டைச் சேர்த்தால், அந்நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலை ஈனும். அதுவே பீர். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

ஹாப்ஸ் பூவினுள் மஞ்சள் நிறப் பிசின் உண்டு. அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதியில் உருமாறிக் கசப்பைத் தருகின்றன. பூவிலுள்ள நறுமண எண்ணெய்களோ கொதித்தால் ஆவியாகிப் பறந்துவிடுகின்றன. ஆகவே கசப்பு வேண்டுவோர் பூவைத் தொடக்கத்தில் இடுவர்; மணம் வேண்டுவோர் இறுதியில் இடுவர்; மேலும் வேண்டுவோர் நொதித்தல் அடங்கியபின், கொதிக்க விடாமலே ஊறவைப்பர். அமெரிக்காவில் 1972இல் வெளியிடப்பட்ட கேஸ்கேட் என்னும் ஹாப்ஸ் வகை, கிச்சிலிப் பழத்தோலையும் பம்பளிமாஸையும் நினைவூட்டும் மணத்தது. சான்ஃபிரான்சிஸ்கோ நகரின் ஆங்கர் ஆலை 1975இல் அதைக் கொண்டு ‘லிபர்ட்டி ஏல்’ என்னும் பீரைத் தயாரித்தது. 2023இல் அவ்வாலை மூடப்பட்டது. அது காட்டிய வழி மூடப்படவில்லை.

கசப்பை அளக்க அலகும் உண்டு. ஒரு லிட்டரில் உருமாறிய ஆல்ஃபா அமிலம் ஏறத்தாழ 1 மில்லிகிராம் இருந்தால் அது ஓர் அலகு. அமெரிக்க ஐ.பி.ஏ.வுக்கு 40 முதல் 70 அலகு வரை என்பர் விதி வகுத்தோர். அப்படியானால் 70 அலகுள்ளது 40 அலகுள்ளதைவிடச் சிறந்ததா? அன்று. மால்ட்டின் இனிப்பு மிகுந்த பீரில் 60 அலகு இதமாக இருக்கும். இனிப்பற்ற மெல்லிய பீரில் அதே 60 அலகு நாக்கைச் சுரண்டும். எண் உண்மைதான், ஆனால் எண் மட்டும் தீர்ப்பு ஆகிவிடாது. எத்தனை அலகு என்று கருவி சொல்லும். பொருத்தமாக இருக்கிறதா என்று கருவி சொல்லாது.

பீருக்கும் ஒரு தலபுராணம்

இனி, இதன் பிறப்புக் கதையைக் கேளுங்கள். கிழக்கிந்தியக் கும்பெனியார் ஆண்ட காலத்தில், கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்த பீர், வெப்பத்தில் புளித்துக் கெட்டதாம். கிழக்கு லண்டனில் ஆலை நடத்திய ஜார்ஜ் ஹாட்ஜ்சன் அதைக் கண்டு வருந்தி, ஹாப்ஸை அள்ளிப் போட்டு, ஆல்கஹாலையும் கூட்டி, கடலை வெல்லும் புதிய பீரைக் கண்டுபிடித்தாராம். அதுவே இந்தியா பேல் ஏல் ஆயிற்றாம்!

அழகான கதை. துன்பம் உண்டு, வீரன் உண்டு, வெற்றி உண்டு. உண்மைதான் இல்லை. 21ஆம் நூற்றாண்டில் பீர் வரலாற்றாசிரியர் மார்ட்டின் கார்னெல் பழைய செய்தித்தாள்களையும் ஆவணங்களையும் புரட்டி இக்கதையை அடியோடு சாய்த்தார். ஹாட்ஜ்சன் எதையும் புதிதாகக் கண்டுபிடித்தார் என்பதற்குச் சான்று இல்லை. வெளிர்நிற ஏல் அவருக்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தது. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூட்ட வேண்டும் என்ற அறிவுரை 1760களிலேயே நூல்களில் இருந்தது. கறுத்த போர்ட்டர் பீரும் அதே கடலைக் கடந்து இந்தியா வந்து விலைபோயிற்று. பிறகு ஹாட்ஜ்சன் வென்றது எதனால்? கும்பெனிக் கப்பல்கள் நின்ற துறை அவர் ஆலைக்கு அருகில் இருந்தது. கப்பல் தலைவர்களுக்கு அவர் நீண்ட தவணையில் கடன் கொடுத்தார். அவ்வளவே! பின்னர் 1822 அளவில் பர்ட்டன் நகரின் சாமுவேல் ஆல்சாப் போட்டிக்கு இறங்கினார். அவ்வூர் நீரில் ஜிப்சம் மிகுதி. அது ஹாப்ஸின் கசப்பைத் தெளிவாக எடுத்துக்காட்டும். அவர் வென்றார். ‘கிழக்கிந்திய பேல் ஏல்’ என்ற பெயர் அச்சில் காணப்படுவதாக இப்போது தெரிந்த முற்பட்ட சான்று 1829ஆம் ஆண்டுச் செய்தித்தாள் விளம்பரம். கதை கூறும் காலத்திற்குப் பல்லாண்டு பின்னர்!

ஏறத்தாழ இருநூறு ஆண்டு வயதுடைய பொருளுக்கே, அச்சு இயந்திரமும் கணக்குப் புத்தகமும் சுங்கப் பதிவும் இருந்த நாட்டிலேயே, இப்படி ஒரு புராணம் பூத்துக் காய்த்துப் பழுக்க முடிந்தது என்றால், ஏடும் எழுத்தும் ஒரு கூட்டத்தாரின் கையில் மட்டும் இருந்த நாட்டில் ஈராயிரம் ஆண்டுப் புராணங்கள் எப்படிக் காய்த்திருக்கும்? எண்ணிப் பாருங்கள். இன்னொன்றும் எண்ணுங்கள். கதை பொய் என்று தெரிந்ததால் கோப்பையிலுள்ள பீரின் சுவை ஒரு துளி குறைந்ததா? இல்லை. கதை மெய்யாக இருந்திருந்தால் ஒரு துளி கூடியிருக்குமா? அதுவும் இல்லை. பிறப்புக் கதை வேறு; பொருளின் தரம் வேறு. ஆயினும் கதையைக் கேட்டுவிட்டுப் பருகுபவன், கதையையும் சேர்த்தே பருகுகிறான். தீர்ப்பின் முதல் பகை அதுவே.

நாக்கை நம்பலாமா?

“அப்படியானால் கதையைத் தள்ளு, நாக்கை நம்பு, முடிந்தது வழக்கு” என்பர் நம் இளைஞர் சிலர். அவ்வளவு எளிதன்று. பகுத்தறிவு என்பது பிறரை மட்டும் ஐயுறுவது அன்று, தன்னையும் ஐயுறுவது.

1931இல் அமெரிக்காவின் டூபாண்ட் சோதனைக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்னும் வேதியியலார் ஒரு தூளைக் கையாண்டபோது, அது காற்றில் பறந்தது. அருகிலிருந்தவர் “கசக்கிறது!” என்றார். ஃபாக்ஸுக்கோ சுவையே தெரியவில்லை. நாக்கிலிட்டுப் பார்த்தும் தெரியவில்லை. இருவரும் பொய்யர் அல்லர். அத்தூளின் கசப்பை அறியும் ஆற்றல் மரபணுவால் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பது பின்னர் விளங்கிற்று. 2003இல் அம்மரபணுவும் இனங்காணப்பட்டது. கசப்பை அறிய நமக்கு ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் உண்டு. ஆகவே, “இது கசக்கவில்லை” என்பவன் கோப்பையைப் பற்றித்தான் பேசுகிறான் என்று எண்ணாதீர்கள். பாதி தன்னைப் பற்றியே பேசுகிறான்.

பிறவியால் வரும் வேறுபாடு இருக்கட்டும்; பெயரால் வரும் மயக்கத்தைப் பாருங்கள். 1964இல் அல்லிசன், ஊல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், பெயர்ச்சீட்டை உரித்த பீர்ப் புட்டிகளைப் பீர் அருந்தும் பழக்கமுள்ளோரிடம் கொடுத்தனர். தாம் விரும்பிக் குடிக்கும் பீர் எது என்றே பொதுவாக அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெயர்ச்சீட்டை ஒட்டிக் கொடுத்ததும், தத்தம் பீரே உயர்ந்தது என்று மதிப்பெண்ணை அள்ளி வழங்கினர். நாக்கு மாறவில்லை, பீர் மாறவில்லை. ஒட்டப்பட்ட தாள் மாறிற்று, தீர்ப்பு மாறிற்று!

2006இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதனினும் நுட்பமானது. அமெரிக்க மதுக்கூடங்களில் பீரில் சில துளி பால்சமிக் வினிகரைக் கலந்து கொடுத்தனர். ஒன்றும் கூறாமல் கொடுத்தபோது பலர் அதை விரும்பினர். பருகும் முன்பே “வினிகர் கலந்தது” என்று கூறிக் கொடுத்தபோது விருப்பம் சரிந்தது. பருகிய பின்பு கூறியபோதோ, ஒன்றும் அறியாதவரைப் போலவே விரும்பினர். செய்தி ஒன்றே, வந்த நேரம் வேறு. முன்னால் வந்த செய்தி சுவையையே மாற்றிற்று. பின்னால் வந்த செய்தியால் மாற்ற முடியவில்லை. அதனால்தான் குழந்தைக்கு அறிவு முளைக்கும் முன்பே குலத்தின் பெயரைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்! மனிதனோடு பழகிய பின் அவன் குலத்தைச் சொன்னால் நட்பு கெடுவதில்லை. பழகும் முன்பே சொல்லிவிட்டால் நட்பு பிறப்பதே இல்லை.

தோல்வாரும் திறவுகோலும்

நாக்கு ஆளுக்கு ஆள் வேறு. பெயரோ எல்லோரையும் மயக்குகிறது. பிறகு தீர்ப்பு ஏது? “சுவை அவரவர்க்கு” என்று கைகழுவிவிடலாமா?

ஸ்காட்லாந்தின் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1757இல் சுவையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில், டான் குவிக்சோட் கதையிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்து ஆள்கிறார். ஒரு பீப்பாய் திராட்சை மதுவை இருவர் சுவைத்தனர். “நல்ல மது, ஆனால் தோல் வாடை சற்று உண்டு” என்றார் ஒருவர். “நல்ல மது, ஆனால் இரும்பு வாடை சற்று உண்டு” என்றார் மற்றவர். ஊரார் இருவரையும் எள்ளி நகைத்தனர். பீப்பாய் காலியானபின் அடியில் கிடந்தது ஒரு பழைய திறவுகோல். அதில் கட்டியிருந்தது ஒரு தோல்வார்!

இக்கதை நமக்குக் கூறுவது யாது? சுவைத்தலில் வெறும் விருப்பம் மட்டும் இல்லை; கண்டறிதலும் உண்டு. கண்டறிந்தது மெய்யா பொய்யா என்று பீப்பாயைக் கவிழ்த்துப் பார்க்க முடியும். ஐ.பி.ஏ.விலும் அப்படியே. வெயிலில் வைத்த புட்டியில் ஒளி ஹாப்ஸின் கசப்புப் பொருளைச் சிதைத்துக் கந்தகச் சேர்மம் ஒன்றை உண்டாக்கும்; அதன் நாற்றத்தைப் பழகிய மூக்கு நொடியில் அறியும். காற்றுப்பட்டுப் பழசாகிய பீரில் நனைந்த அட்டையின் வாடை எழும். நொதித்தல் செவ்வனே முடியாத பீரில் வெண்ணெய் வாடை நிற்கும். இவை ‘அவரவர் சுவை’ அல்ல. வேதியியல் கருவியாலும் காட்டத்தக்க குறைகள். நாக்கு சாட்சி கூறுகிறது. சோதனை அதைச் சரிபார்க்கிறது.

ஆகவே மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும். பிடித்தது வேறு; சிறந்தது வேறு; நல்லது வேறு. பிடித்தது என்பது என்னைப் பற்றிய செய்தி. சிறந்தது என்பது பொருளைப் பற்றிய செய்தி. அது எதுவாக இருக்க முயல்கிறதோ, அதுவாக எவ்வளவு ஆகியிருக்கிறது என்பதற்கு விடை. நல்லது என்பது அப்பொருளால் மாந்தர் வாழ்வுக்கு விளைவது பற்றிய செய்தி. இம்மூன்றையும் குழப்பியே உலகில் பாதி வழக்குகள் நடக்கின்றன.

அமெரிக்காவில் 1985இல் தொடங்கப்பெற்ற பீர் நடுவர் அமைப்பு ஒன்று உண்டு. அதன் முறையைப் பாருங்கள். நடுவர் முன் வரும் கோப்பைக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆலை இல்லை. எண் மட்டுமே உண்டு. மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, முழுமைக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று! நிறத்தைக் கொண்டு மனிதனை அளக்கும் உலகம் இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளட்டும். நடுவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் முதலில் தாமே எழுத வேண்டும். பிறகே பேச வேண்டும். வேறுபாடு மிகுந்தால் காரணம் காட்டி வாதிட வேண்டும். “எனக்குப் பிடிக்கவில்லை” என்று எழுதினால் அது தீர்ப்பு ஆகாது. ஏன் என்று எழுத வேண்டும். கசப்பையே விரும்பாத நடுவரும், “இக்கசப்பு தெளிவானது, மால்ட்டோடு இசைந்தது, மணம் புத்தம்புதியது” என்று கண்டால் 40 மதிப்பெண் அளித்தாக வேண்டும். கசப்பில் மோகம் கொண்டவரும், அட்டை வாடையைக் கண்டால் குறைத்தாக வேண்டும். தனக்குப் பிடிக்காததைச் சிறந்தது என்றும், தனக்குப் பிடித்ததைக் குறையுடையது என்றும் கூறும் துணிவு எவனுக்கு உண்டோ, அவனே நடுவன்.

விதியும் சாத்திரமும்

“நீயும் ஒரு சாத்திரத்தைத்தானே கொண்டுவந்து நிறுத்துகிறாய்?” என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அமெரிக்க ஐ.பி.ஏ. தெளிந்திருப்பதே சிறப்பு என்றிருந்த காலத்தில், அமெரிக்காவின் வடகிழக்கே வெர்மான்ட் மாநிலத்தில் மேகம் போல் கலங்கிய ஐ.பி.ஏ. எழுந்தது. கசப்பு தணிந்தது, பழ மணம் மிகுந்தது. பழைய விதிப்படி அக்கலங்கல் குறை. ஆனால் பருகியோர் சாட்சி கூறினர், ஆலைகள் பெருகின, வாதம் நடந்தது. முடிவில் விதி நூலே திருத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் கலங்கிய ஐ.பி.ஏ. தனி வகையாக அமர்ந்தது.

விதிக்கும் சாத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. விதியை எழுதியவர் யார் என்று தெரியும். எழுதிய ஆண்டு தெரியும். தவறென்று காட்டினால் திருத்த வழி உண்டு. சாத்திரத்தை எழுதியவர் ஆண்டவன் என்பர்; ஆண்டு அனாதி என்பர்; திருத்து என்றால் நாக்கை அறு என்பர். அளவுகோல் இருப்பது அடிமைத்தனம் அன்று. அளவுகோலை அளக்கக் கூடாது என்பதே அடிமைத்தனம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுவையறிந்தோம் என்ற செருக்கும் ஒரு புதிய குலமாக மாறக்கூடும். பிரெஞ்சுச் சமூகவியல் அறிஞர் பியர் பூர்தியு, சுவை என்பது மேல்தட்டினர் தம்மைப் பிறரினின்று பிரித்துக்காட்டும் கருவியாகவும் அமைகிறது என்று 1979இல் விரிவாக எழுதிக் காட்டினார். ஹாப்ஸின் பெயர் பத்தை ஒப்பித்துவிட்டு, மலிவான பீர் குடிக்கும் தொழிலாளியை இகழ்பவன் நடுவன் அல்லன். பூணூல் அணியாத புதிய புரோகிதன்! அறிவு பகிரப்படும்போது ஒளி, பதுக்கப்படும்போது படிக்கட்டு.

நல்லதா?

வாக்களித்த கேள்விக்கு வருகிறேன். 48 மதிப்பெண் பெற்ற ஐ.பி.ஏ. நல்லதா? சிறந்தது; ஐயமில்லை. நல்லதா என்பதோ தனி வழக்கு. மதுபானங்கள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே வகைப்படுத்திற்று. உடலுக்குத் தீங்கில்லாத அளவு என்று மதுவில் ஒன்றும் இல்லை என உலக நலவாழ்வு அமைப்பு 2023இல் அறிவித்தது. சாதாரண பீரில் ஆல்கஹால் பெரும்பாலும் 4 முதல் 5 விழுக்காடு, அமெரிக்க ஐ.பி.ஏ.விலோ 5.5 முதல் 7.5 வரை. தேர்ந்த நடுவர்கள் தங்கப் பதக்கம் அளித்தாலும் கல்லீரல் அப்பதக்கத்தைப் பார்ப்பதில்லை. கசப்பின் நேர்த்தி தீங்கைக் கழுவாது. தீங்கு இருப்பதால் நேர்த்தி பொய்யாகியும் விடாது. மதுவை வெறுப்பவன், “நன்றாகத் தயாரிக்கப்பட்டது” என்று ஒப்புக்கொள்வதால் தன் கொள்கையில் ஒரு நூலும் இழப்பதில்லை. மதுவை விரும்புபவன், “இது உடலுக்கு ஆகாது” என்று ஒப்புக்கொள்வதால் தன் நாவில் ஒரு சுவையும் இழப்பதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாதவனே உண்மைக்கு அஞ்சுகிறவன்.

நமக்கு இதில் என்ன?

தோழர்களே, ஐ.பி.ஏ.வை நீங்கள் ஒருநாளும் தொட வேண்டா. ஆனால் பெயரை மூடி வைத்த அந்தக் கோப்பையை மறவாதீர்கள். நம் மேடைகளில் ஒருவர் பேசுகிறார். நம் அணியினர் என்றதும் கைதட்டுகிறோம். மாற்றார் மேடையில் ஒருவர் பேசுகிறார். வாயைத் திறக்கும் முன்பே நகைக்கிறோம். நம்மவர் எழுதிய கதை என்றால் பழுதும் பண்பாகிறது. பிறர் எழுதிய கதை என்றால் பண்பும் பழுதாகிறது. பெயர்ச்சீட்டைப் பார்த்துப் பருகிவிட்டு, நாக்கு தீர்ப்புச் சொன்னதாக நம்பும் அந்தக் குடிகாரருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

“பிறப்பைக் கொண்டு மனிதனை மதிப்பிடாதே” என்று ஊர் ஊராக முழங்கும் நாம், கட்சியைக் கொண்டு கருத்தை மதிப்பிடலாமா? சாதி என்பது மனிதன் மீது மாற்றான் ஒட்டிய பெயர்ச்சீட்டு. அதை உரிப்பது நம் பணி. உரித்த இடத்தில் நம் கையால் வேறொரு சீட்டை ஒட்டுவது அப்பணிக்குச் செய்யும் இரண்டகம்.

கட்டுரை வந்தால் ஆசிரியர் பெயரை மூடிவிட்டுப் படித்துப் பாருங்கள். கூட்டத்தில் தீர்மானம் வந்தால், எதிர்த்தரப்பு இதே தீர்மானத்தைக் கொண்டுவந்திருந்தால் ஆதரித்திருப்போமா என்று கேட்டுப் பாருங்கள். பிறரோடு பேசும் முன்பு உங்கள் தீர்ப்பை நீங்களே எழுதுங்கள். எழுதிய பின்பு பிறர் காட்டும் காரணத்துக்குச் செவி கொடுங்கள். காரணம் வென்றால் கையெழுத்தை அடித்துத் திருத்துங்கள். பிடித்ததைப் பிடித்தது என்று கூறுங்கள். அதில் வெட்கம் இல்லை. சிறந்ததைச் சிறந்தது என்று கூறுங்கள், அது பகைவன் செய்ததாயினும். நல்லதா என்ற கேள்வியைத் தனியே கேளுங்கள், அது நண்பன் செய்ததாயினும்.

நாக்கு ஏமாறும், அறிவும் ஏமாறும். ஏமாறக்கூடும் என்று அறிந்து, ஏமாற்றத்துக்கு எதிராகத் தனக்குத் தானே காவல் வைக்கும் ஆற்றல் ஒன்றே மனிதனுக்கு உண்டு. அந்தக் காவலுக்குப் பெயர்தான் பகுத்தறிவு. பிறர் வீட்டு வாயிலில் மட்டும் அதை நிறுத்திவிட்டு, நம் வீட்டுக் கதவைத் திறந்து போட்டு உறங்குவது முறையன்று!